மெல்லிய பிளைவுட்டில் கனமில்லாத டிராயர்: விரல் இணைப்பு முறை
(வீட்டுக்கொரு கைத்தொழில் பாடம்)



ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிட்டால் குரும்பகரம் பக்கத்து வீடுகளில் ஒரு தொல்லை தவறாமல் வரும். மேசை டிராயர் திறக்காது. ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பெரியவர்களின் சர்க்கரை மாத்திரை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் உள்ளே இருக்கும். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் முன்பலகை மட்டும் கையோடு வரும். பக்கத்தில் அடித்திருந்த ஆணி துருப்பிடித்து, பலகையைப் பிளந்திருக்கும்.

வயதானவர்களுக்கும் கைவலி உள்ளவர்களுக்கும் இது சிறிய சங்கடமல்ல. இரவு நேரத்தில் மாத்திரை எடுக்க ஒருவரை எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு டிராயர் ஒரு விரலால் இழுத்தால் வர வேண்டும், மழைக்காலத்திலும் வர வேண்டும். அப்படி ஒன்றை 6 மி.மீ. பிளைவுட்டில், ஆணி இல்லாமல், சில சாதாரணக் கருவிகளோடு வீட்டிலேயே செய்வது எப்படி என்பதுதான் இந்த மாதப் பாடம். தச்சுத் தொழில் தெரியாதவர்களும் பொறுமையாகச் செய்தால் இரண்டாவது டிராயரிலேயே கை பழகிவிடும்.

தடிமனா, மூலையா?

கனமான பலகை போட்டால்தான் உறுதி என்பது நம்மிடம் உள்ள பொதுவான எண்ணம். அதனால் அலமாரிக்குப் போடும் 18 மி.மீ. பிளைவுட்டையே டிராயருக்கும் போட்டுவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 346 மி.மீ. அகலம், 400 மி.மீ. ஆழம், 90 மி.மீ. உயரம் உள்ள டிராயரை 18 மி.மீ. பலகையில், 6 மி.மீ. அடிப்பலகையோடு செய்தால் வெறும் டிராயரே சுமார் 2 கிலோ இருக்கும். அதையே 6 மி.மீ. பலகையில், 4 மி.மீ. அடிப்பலகையோடு செய்தால் சுமார் 900 கிராம்தான். உள்ளே இடமும் அகலத்தில் 24 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும்.

பழைய டிராயர் ஒன்று உடைந்து கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பலகை நடுவில் முறிந்திருக்காது, மூலைதான் விட்டிருக்கும். அதாவது நாம் காசு கொடுத்து வாங்கிய தடிமன் பயன்படவே இல்லை. உறுதி வேண்டிய இடம் நான்கு மூலைகள். அங்கே வேலையை ஒழுங்காகச் செய்தால் பலகை மெல்லியதாக இருக்கலாம்.

தேயிலைப் பெட்டி சொல்லும் பாடம்

இது புதிய கண்டுபிடிப்பல்ல. முந்தைய தலைமுறையினர் வீடுகளில் தேயிலைப் பெட்டி என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். இலங்கையிலிருந்தும் மலைத்தோட்டங்களிலிருந்தும் தேயிலை ஏற்றுமதியான பெட்டி அது. காலியானதும் பாத்திரம் பண்டம் வைக்க வீடுகளுக்கு வந்துவிடும். அதன் பலகையைத் தட்டிப் பார்த்தால் அட்டையைப் போல மெல்லியதாக இருக்கும். ஆனால் அதில் சுமார் 50 கிலோ தேயிலை அடைத்துக் கப்பலேற்றினார்கள். உள்மூலைகளில் மரக்குச்சி, வெளிமூலைகளில் தகரப் பட்டை. பலமெல்லாம் மூலையில்தான் இருந்தது.

ஆரம்பத்தில் இந்தப் பெட்டிகளுக்கான பிளைவுட் பால்டிக் கடலோர நாடுகளிலிருந்து வந்தது. பிறகு இலங்கையில் காலிக்கு அருகே கிந்தோட்டையிலும், நம் நாட்டில் அஸ்ஸாம் முதல் கேரளம் வரையிலும் ஆலைகள் வந்தன. கேரளத்தின் கண்ணூரை அடுத்த வளபட்டணத்தில் ஏ.கே. காதர்குட்டி சாஹிப் 1945-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ் அவற்றில் ஒன்று. இன்று நம் பகுதிக் கடைகளில் கிடைக்கும் பிளைவுட்டில் ஒரு பகுதி கேரளத்தின் பெரும்பாவூர்ப் பக்கத்தில் ரப்பர் மரம் முதலியவற்றிலிருந்து செய்யப்படுவது.

விரல் இணைப்பு என்றால் என்ன?

இரண்டு கைகளின் விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பாருங்கள். ஒரு பலகையின் ஓரத்தில் பல்போலச் சதுர விரல்களையும், மற்றப் பலகையில் அவற்றுக்குச் சரியான பள்ளங்களையும் வெட்டி, அதேபோலக் கோத்துப் பசையால் ஒட்டுவதுதான் விரல் இணைப்பு. தச்சர்கள் ஃபிங்கர் ஜாயிண்ட் என்பார்கள். மரக்கடையில் ஃபிங்கர் ஜாயிண்ட் போர்டு என்று கேட்டால், சிறு மரத்துண்டுகளை நீளவாக்கில் கூர்ப்பற்களால் இணைத்த பலகையைக் காட்டுவார்கள். அது வேறு, நாம் பேசுவது பெட்டியின் மூலை.

பர்மா தேக்கில் செய்த பழைய மேசைகளில் விரல்கள் புறாவின் வால்போல விரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது டவ்டெயில், அதாவது புறாவால் இணைப்பு. முன்பக்கம் இழுத்தாலும் கழன்று வராத அருமையான வேலை அது. ஆனால் மெல்லிய பிளைவுட்டில் அந்தச் சரிவான முனைகள் அடுக்கு அடுக்காகப் பெயர்ந்துவிடும். நேரான விரல்தான் பிளைவுட்டுக்கு ஏற்றது. நேரான விரலில் பிடிப்பைக் கொடுப்பது பசை. ஆகவே பசை படும் பரப்பு எவ்வளவு என்பதே முக்கியம்.

6 மி.மீ. தடிமனும் 90 மி.மீ. உயரமும் உள்ள பலகையை வெறுமனே முட்டுக்கொடுத்து ஒட்டினால் பசை படும் பரப்பு 540 சதுர மி.மீ. அதுவும் பலகையின் வெட்டுமுனை. பசையை உறிஞ்சிக்கொள்ளும் அந்த முனையில் பிடிப்பு குறைவு. 10 மி.மீ. அகல விரல்களாக வெட்டினால் விரல்களின் பக்கச் சுவர்கள் எட்டு சேர்கின்றன. ஒவ்வொன்றும் 6-க்கு 6, ஆக 288 சதுர மி.மீ. கூடுதல். முன்பலகையை இழுக்கும்போது முட்டு இணைப்பில் பசை நேராகப் பிய்கிறது. விரல் இணைப்பில் அந்தப் பக்கச் சுவர்கள் ஒன்றோடொன்று உராய்ந்து நழுவினால்தான் கழலும். பசை இப்படிப்பட்ட இழுப்பைத்தான் நன்றாகத் தாங்கும். விரலை 6 மி.மீ. அகலமாக்கினால் பக்கச் சுவர்கள் 14 ஆகும், பிடிப்பு இன்னும் கூடும். கையால் வெட்டுவோருக்கு முதலில் 10 மி.மீ. போதும்.

நம் பகுதிக்கு இது ஏன் பொருத்தம்?

முதல் காரணம் கடல் காற்று. உப்புக் காற்றில் இரும்பாணி துருப்பிடிக்கிறது. துரு ஏற ஏற ஆணி பருத்து, மெல்லிய பலகையின் அடுக்குகளைப் பிரித்துவிடும். 6 மி.மீ. பலகையின் ஓரத்தில் ஆணி அடிப்பதே பிளவுக்கு வழி. விரல் இணைப்பில் ஆணிக்கு வேலையே இல்லை.

இரண்டாவது காரணம் ஈரம். மரப்பலகை மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, நாருக்குக் குறுக்காக விரியும். டிராயரின் உயரம் கூடி அது சிக்கிக்கொள்வது இதனால்தான். பிளைவுட்டில் ஒரு அடுக்கின் நார் நீளவாக்கிலும் அடுத்த அடுக்கின் நார் குறுக்காகவும் இருப்பதால் ஒன்றை ஒன்று விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எனவே நல்ல பிளைவுட் டிராயர் மழையிலும் ஓடும்.

பலகை வாங்கும்போது

வீட்டு உபயோகப் பிளைவுட்டில் மூன்று பெயர்களைக் கடையில் கேட்கலாம். எம்.ஆர். என்பது ஈரக் காற்றை மட்டும் ஓரளவு தாங்கும். பி.டபிள்யூ.ஆர். என்பது அதைவிட மேல். பி.டபிள்யூ.பி. அல்லது மெரைன் என்பது நீரை அதிகம் தாங்கும். பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 303, மெரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்க் காற்றுக்குக் குறைந்தது பி.டபிள்யூ.ஆர். வாங்குவது நல்லது.

முத்திரை தெரியாத மிச்சத் துண்டு கிடைத்தால் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றைச் சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில், வீட்டுக்கு வெளியே, இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க வையுங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகை இந்த வேலைக்கு ஆகாது. பசையின் நெடி வரும் என்பதால் அடுப்பங்கரையில் இதைச் செய்ய வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, 6 மி.மீ. பலகையில் (தச்சர் கணக்கில் கால் இஞ்ச், ஏறக்குறைய இரண்டு நூல்) எத்தனை அடுக்கு என்று ஓரத்தைப் பார்த்து எண்ணுங்கள். மூன்று அடுக்கைவிட ஐந்து அடுக்கு மேல். ஓரத்தில் ஓட்டை தெரிந்தால் வேண்டாம். இரண்டு, மேல் அடுக்கின் நார் டிராயர் துண்டின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டுங்கள். நார் குறுக்காக ஓடினால் வெட்டிய விரல்கள் பிஸ்கட் போல முறியும்.

ஒரு டிராயருக்காக முழுப் பலகை வாங்கத் தேவையில்லை. அலமாரி வேலை நடந்த இடங்களிலும் பிளைவுட் கடைகளிலும் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். அவையே போதும்.

தேவையான கருவிகள்

1. ஹேக்ஸா பிளேடு பூட்டிய கை ரம்பம். இரும்பு அறுக்கும் நுண்பல் பிளேடு 6 மி.மீ. பலகையைச் சிராய் இல்லாமல் அறுக்கும்.
2. 10 மி.மீ. அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த உளி, நன்றாகத் தீட்டியது.
3. இரும்பு அளவுகோல், மூலைமட்டம், கூரான கத்தி, பென்சில்.
4. கொட்டாப்புளி அல்லது சிறு மரக்கட்டை.
5. நீர் தாங்கும் மரப்பசை. மரைன் வகைப் பசை என்று கேட்டு வாங்குங்கள்.
6. பருத்திக் கயிறு, இரண்டு குச்சிகள். கிளாம்ப் இருந்தால் இன்னும் நல்லது.
7. 120, 180 எண் உப்புத்தாள்.

அளவுகள்

மேசையில் டிராயர் போகும் வாசல் 350 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம், 420 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாசல் வேறு அளவாக இருந்தால் இதே முறையில் மாற்றிக்கொள்ளுங்கள். அகலத்தில் பக்கத்துக்கு 2 மி.மீ., உயரத்தில் 6 மி.மீ. இடைவெளி விடுகிறோம்.

முன்பலகை, பின்பலகை: 347 x 90 மி.மீ., இரண்டு துண்டு (6 மி.மீ. பிளைவுட்).
பக்கப் பலகை: 401 x 90 மி.மீ., இரண்டு துண்டு (6 மி.மீ. பிளைவுட்).
அடிப்பலகை: 346 x 400 மி.மீ., ஒரு துண்டு (4 மி.மீ. பிளைவுட்).

முட்டு இணைப்பில் ஒரு ஜோடிப் பலகையில் தடிமனைக் கழித்து வெட்டுவோம். விரல் இணைப்பில் அப்படிக் கழிக்கக் கூடாது. நான்கு பலகையும் வெளி அளவின் முழு நீளத்துக்கு இருக்க வேண்டும். மேலே 1 மி.மீ. கூட்டிச் சொன்னது, விரல் நுனிகள் அரை மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்க. ஒட்டிக் காய்ந்தபின் அதைத் தேய்த்துச் சமமாக்குவோம்.

செய்முறை

1. நான்கு பலகைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, உயரம் நான்கிலும் 90 மி.மீ. சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முனைகளை மூலைமட்டத்தால் சரிபாருங்கள். இங்கே கோணல் இருந்தால் கடைசிவரை கோணல்தான்.

2. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு எண் கொடுங்கள். சேர வேண்டிய இரண்டு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். எல்லாப் பலகையிலும் மேல் ஓரத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் அடையாளம் போடுங்கள்.

3. நான்கு பலகையின் இரு முனைகளிலும், முனையிலிருந்து 6.5 மி.மீ. தள்ளிக் கத்தியால் ஒரு கோடு கிழியுங்கள். இதுதான் விரலின் அடிக்கோடு. கத்திக்கோடு மேல் அடுக்கின் நாரை அறுத்துவிடுவதால் சிராய் கிளம்பாது. பென்சில் கோட்டால் இந்த நன்மை இல்லை.

4. முன்பலகையையும் பின்பலகையையும் சேர்த்து, ஒட்டும் காகிதத்தால் இறுக்கிக் கட்டுங்கள். 90 மி.மீ. உயரத்தை 10 மி.மீ. வீதம் 9 பங்காகப் பிரியுங்கள். 1, 3, 5, 7, 9 விரல்கள். 2, 4, 6, 8 வெட்டி எடுக்க வேண்டிய பள்ளங்கள். வெட்டி எடுக்க வேண்டியதில் பெருக்கல் குறி போடுங்கள்.

5. பின்னால் ஒரு உதவாத பலகைத் துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டு, அடிக்கோடு வரை அறுங்கள். ரம்பம் கோட்டின் மேல் போகக் கூடாது. பெருக்கல் குறி போட்ட பக்கம், கோட்டை ஒட்டிப் போக வேண்டும். கோடு பலகையில் மிஞ்சி நிற்க வேண்டும்.

6. கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பலகையாகப் பள்ளங்களை உளியால் எடுங்கள். அடிக்கோட்டில் உளியை நேராக நிறுத்தி, பாதி ஆழம் வரை மெதுவாகத் தட்டுங்கள். பிறகு பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து தட்டுங்கள். ஒரே பக்கத்திலிருந்து முழுவதும் தட்டினால் அடிப்பக்க அடுக்கு பெயர்ந்துவிடும். உளியின் கூர்முனைக்கு முன்னால் கை எப்போதும் இருக்கக் கூடாது.

7. பக்கப் பலகைக்கு அளவுகோலால் அளந்து கோடு போடாதீர்கள். பக்கப் பலகையைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் முனைமேல் முன்பலகையின் வெட்டிய விரல்களை வைத்து, பள்ளங்களின் வழியே கத்தியால் கோடு கிழியுங்கள். முன்பலகையில் இருக்கும் சிறு பிசகும் அப்படியே பக்கப் பலகைக்கு வந்துவிடுவதால் இரண்டும் பொருந்தும். முன்பலகையின் விரல் மறைத்த இடங்களில், அதாவது 1, 3, 5, 7, 9-ல், பெருக்கல் குறி போடுங்கள். இதுபோல நான்கு மூலைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

8. பக்கப் பலகைகளை அறுத்து, உளியால் பள்ளம் எடுங்கள். பசை இல்லாமல் கோத்துப் பாருங்கள். கைவிரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும். கொட்டாப்புளியால் அடித்தால்தான் போகும் என்றால் இறுக்கம் அதிகம், விரலின் அடுக்குகள் பிரியும். உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றித் தேய்த்துச் சரிசெய்யுங்கள். தானாகக் கழன்று விழுந்தால் அது தளர்வு. அந்த மூலையில் பசை பிடிக்காது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால் பார்வைக்கு மூடுமே தவிர உறுதி வராது, அந்தத் துண்டை மாற்றுவதே நல்லது.

9. கைப்பிடிக்கு வெளியே குமிழ் வைத்தால் உடை மாட்டும். முன்பலகையின் மேல் ஓரத்தில் நடுவாக 70 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழத்துக்குப் பிறைபோல வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். நான்கு விரலும் நுழையும். ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

10. பள்ளங்களின் அடியிலும் பக்கச் சுவர்களிலும் மெல்லியதாகப் பசை தடவிக் கோத்துவிடுங்கள். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் குச்சியால் முறுக்கி இறுக்குங்கள். விரல் நுனிகள் நீட்டிக்கொண்டிருப்பதால், அவற்றின்மேல் கயிறு படாமல் சற்று உட்பக்கமாக ஒரு அட்டைத் துண்டு வையுங்கள். வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள்.

11. இறுகும் முன் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி சதுரம். இந்த அளவுக்கு அது சுமார் 529 மி.மீ. வரும். வித்தியாசம் இருந்தால் நீளமான குறுக்கின் இரு மூலைகளையும் மெதுவாக உட்பக்கம் அழுத்துங்கள். பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள். மழைக்காலமாக இருந்தால் இன்னொரு நாள் கூட விடலாம்.

அடிப்பலகை

தடித்த டிராயரில் பக்கப் பலகையில் காடி எடுத்து அடிப்பலகையைச் செருகுவார்கள். 6 மி.மீ. பலகையில் காடி எடுத்தால் மிஞ்சுவது பாதித் தடிமன்தான், அங்கேயே முறியும். ஆகவே நாம் கீழிருந்து ஒட்டுகிறோம்.

விரல் நுனிகளை உப்புத்தாளால் சமமாகத் தேய்த்தபின், பெட்டியைக் கவிழ்த்து அடி ஓரங்களையும் சமமாக்குங்கள். ஓரம் முழுவதும் பசை தடவி, அடிப்பலகையை வைத்து, மேலே செங்கல் அல்லது புத்தகக் கட்டை ஏற்றி ஒரு நாள் விடுங்கள். சுற்றளவு முழுவதும் பசை படுவதால் பரப்பு சுமார் 88 சதுர செ.மீ. வருகிறது. உள்ளே அடிமூலையில் 8 மி.மீ. சதுரக் குச்சியை நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் இன்னும் உறுதி. தேயிலைப் பெட்டியின் உள்மூலைக் குச்சி செய்த வேலையையே இதுவும் செய்கிறது.

மேசைக்குள் இருபக்கமும் டிராயரைத் தாங்கும் ஓடுகட்டையின் மேல் அடிப்பலகையின் ஓரம் உட்காரும். அதனால் உள்ளே வைக்கும் எடை ஓரத்தைப் பிரிக்காது, கட்டையோடு சேர்த்து அழுத்தும். ஓடுகட்டையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம், தூசி ஒட்டிப் பிசுக்கேறும்.

பூச்சு

பிளைவுட் தண்ணீரைக் குடிப்பது முகத்தைவிட வெட்டிய ஓரங்களில் அதிகம். விரல் நுனிகள் எல்லாம் வெட்டிய ஓரங்களே. ஆகவே வார்னிஷோ பாலிஷோ எதுவானாலும் ஓரங்களுக்கு இரண்டு முறை, மற்ற இடங்களுக்கு ஒரு முறையாவது அடியுங்கள். அடிப்பலகையின் கீழ்ப்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. துணி வைக்கும் டிராயர் என்றால் வாடை முழுவதும் போனபின் பயன்படுத்துங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டால் சுவர் ஈரமும் கரையானும் நேரே ஏறாது.

உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பிளைவுட் தூளில் மரத்தோடு ஆலைப் பசையும் கலந்திருக்கும். சிறு பிள்ளைகளை அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டாம்.

எவ்வளவு தாங்கும்?

மாத்திரை, ஆவணங்கள், நோட்டுப் புத்தகம், தையல் நூல்கண்டு, பாபின், கத்தரிக்கோல், பிள்ளைகளின் துணி, இவற்றுக்கு இந்த டிராயர் தாராளம். சுத்தியல், ஸ்பேனர் போன்ற இரும்புச் சாமான்களுக்கோ, தடித்த புத்தகங்களை அடுக்கவோ இது அல்ல. அந்த வேலைக்கு 9 மி.மீ. பலகையும் 6 மி.மீ. அடிப்பலகையும் போட்டு, இதே விரல் இணைப்பில் செய்யலாம். அப்போது விரலின் அடிக்கோட்டை 9.5 மி.மீ.-ல் கிழிக்க வேண்டும்.

நிறையச் செய்ய நினைப்பவர்களுக்கு

தையல் பயிலும் சகோதரிகளோ, விடுமுறையில் இருக்கும் இளைஞர்களோ நான்கைந்து பேர் சேர்ந்து செய்தால் முழுப் பலகை வாங்குவது இலாபம். 8-க்கு 4 அடிப் பலகை 2440 x 1220 மி.மீ. இருக்கும். மேல் அடுக்கின் நார் வழக்கமாக 8 அடி நீளத்தில் ஓடும். ரம்பம் தின்னும் 3 மி.மீ.-ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் 90 மி.மீ. அகலப் பட்டை 13 வரும். ஒவ்வொரு பட்டையிலும் 6 துண்டு, ஆக 78 துண்டு. ஒரு டிராயருக்கு 4 வீதம் 19 டிராயருக்குப் போதும். ஒரு 4 மி.மீ. பலகையில் 18 அடிப்பலகை வரும். ஆகவே இரண்டு பலகையில் 18 டிராயர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ட்ரிம்மர் இயந்திரம் உள்ளவர்கள் 6 மி.மீ. பிட் போட்டு, 6 மி.மீ. அகலத்தில் 15 பங்காகப் பிரித்து வெட்டலாம். பள்ளம் போடும் தாங்கிப் பலகையில், பிட்டிலிருந்து சரியாக 6 மி.மீ. தள்ளி, 6 மி.மீ. அகலக் கட்டை ஒன்றைப் பதியுங்கள். வெட்டிய பள்ளத்தை அந்தக் கட்டையில் மாட்டி அடுத்த பள்ளம், அதை மாட்டி அதற்கடுத்தது என்று போகலாம். கட்டை இருக்கும் இடத்தில் கால் மி.மீ. பிசகினாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது கூடிக்கொண்டே போகும். ஆகவே மிச்சத் துண்டில் இரண்டு மூன்று முறை வெட்டிக் கோத்துப் பார்த்தபிறகே நல்ல பலகையில் கைவையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் இயந்திரத்தை ஓட்ட வேண்டாம்.

விற்கும் எண்ணம் உள்ளவர்கள் முதல் ஐந்து டிராயருக்கு ஆன நேரத்தை எழுதி வையுங்கள். பலகை, பசை, பூச்சு விலையோடு அந்த நேரத்துக்கான கூலியையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும். கூலியை விட்டுவிட்டு விலை சொன்னால் தொழில் நிலைக்காது.

சுருக்கமாக நினைவில் வைக்க

நார் நீளவாக்கில் ஓட வேண்டும்.
பலகை முழு வெளி அளவில் இருக்க வேண்டும்.
ரம்பம் எடுக்கப்போகும் பக்கத்தில் போக வேண்டும்.
இரண்டாவது பலகைக்கு முதல் பலகையே அளவுகோல்.
குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.
வெட்டிய ஓரத்துக்கு இரண்டு முறை பூச்சு.

முதல் டிராயரை மாத்திரை டிராயராகச் செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்துச் சிறு மேசையின் வாசலை அளந்து, அதற்கேற்றபடி அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள். அடைமழைக்கு முன்பே செய்து முடித்தால் பூச்சு நன்றாகக் காயும். இன்ஷா அல்லாஹ், இந்த ஐப்பசியில் அவர்கள் யாரையும் எழுப்பாமல் தம் கையாலேயே டிராயரைத் திறந்து மாத்திரை எடுத்துக்கொள்வார்கள்.